வெர்மீரின் 'பால் ஊற்றும் பெண்' ஓவியத்தை அடுக்கடுக்காகத் தீட்டுவது எப்படி?

எண்ணெய் வண்ணத்தில் அடுக்கு முறையைப் பழக எந்தப் படத்தை எடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீரின் இந்தப் படத்தைத்தான். ஒரு பெண், ஒரு ஜன்னல், ஒரு வெற்றுச் சுவர், மேசை மேல் ரொட்டி, அவ்வளவுதான். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து மட்டும் வருவதால் எது ஒளி, எது நிழல் என்ற குழப்பமும் இல்லை. மூல ஓவியம் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் துல்லியமான படத்தை அவர்களே இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அதையே இறக்கிக்கொள்ளுங்கள். தேடினால் வரும் மற்ற படங்களில் அந்த மஞ்சள் ரவிக்கை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மஞ்சளாக இருக்கும்.

பிரஷ் பிடிப்பது, பேலட்டில் வண்ணம் வைப்பது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேரே தொடங்குகிறேன்.

1. அளவும் கோடும்

மூல ஓவியம் 45.5 × 41 செ.மீ. நீங்கள் 40 × 36 எடுத்துக்கொள்ளுங்கள். உயர அகல விகிதம் கிட்டத்தட்ட அப்படியே வரும், 4 செ.மீ. கட்டம் போட்டால் மேலிருந்து கீழாக 10, குறுக்கே 9 என்று மிச்சமில்லாமல் பிரியும். நகலை மூலத்தின் அதே அளவில் செய்யாமல் இருப்பது நல்ல வழக்கமும்கூட.

வெள்ளை கேன்வாஸில் அப்படியே தொடங்காதீர்கள். வெள்ளைக்கு மேல் எந்த வண்ணத்தை வைத்தாலும் இருட்டாகத் தெரியும், பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிறச் செய்துவிடுவோம். ரா அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தோடு கொஞ்சம் வெள்ளை கலந்து, வண்ணத்தை இளக்கும் டர்பென்டைன் விட்டு, நடுத்தரமான சாம்பல் பழுப்பாக முழுவதும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். அதன் மேல் கட்டம், கட்டத்தின் மேல் கோட்டுருவம். ஜன்னல் சட்டங்களின் சாய்வை மட்டும் அளவுகோல் வைத்துச் சரிபாருங்கள். வெர்மீரே மறையும் புள்ளியில், அதாவது உள்நோக்கிப் போகும் கோடுகள் எல்லாம் சேரும் இடத்தில், ஊசி குத்தி, நூல் கட்டித்தான் கோடு எடுத்திருக்கிறார், அந்தத் துளை இன்றும் ஓவியத்தில் தெரிகிறது.

2. நிறமில்லாத அடுக்கு

பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), டைட்டானியம் வெள்ளை. இந்த மூன்றை மட்டும் வைத்து முழுப் படத்தையும் கருப்பு வெள்ளைப் புகைப்படம் மாதிரி தீட்டி முடிக்க வேண்டும். ட்யூபில் வரும் கருப்பை நான் இந்த அடுக்கில் தொடுவதே இல்லை. அது மெதுவாகக் காயும், அம்பரும் நீலமும் சேர்ந்தால் கிடைக்கும் கருமையே போதும். இதற்குச் சொரசொரப்பான பன்றிமுடி பிரஷ்தான் சரி. மெல்லிய பிரஷை எடுத்தால் கை தானாகவே கண் இமையைத் தேடிப் போய்விடும்.

இறக்கிய படத்தைப் போனில் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். இப்போது சுவரை மட்டும் பாருங்கள். ஜன்னலை ஒட்டிய இடப்பக்கம் இருட்டு, பெண்ணின் முதுகுக்குப் பின்னால் வலப்பக்கம் வெளிச்சம். அவளிடம் இது தலைகீழ். இடப்பக்கம் ஒளி, வலப்பக்கம் நிழல். அதாவது ஒளிபட்ட உடம்பு இருண்ட சுவர் மேலும், நிழல்பட்ட உடம்பு வெளிறிய சுவர் மேலும் நிற்கிறது. அவள் சுவரைவிட்டு முன்னால் வந்து நிற்பது போலத் தோன்றுவது இதனால்தான். போதாததற்கு, நிழல் பக்க விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடும் இழுத்திருக்கிறார், பெரிதாக்கினால் தெரியும். சுவரை ஒரே சாம்பலாகப் பூசினால் படம் அங்கேயே செத்தது.

இந்த அடுக்கு அழகாக இருக்க வேண்டியதில்லை. ரைக்ஸ் மியூசியம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், வெர்மீரும் அடியில் கருப்பு வண்ணத்தால் அகலமாக, அவசரமாகத்தான் இழுத்திருக்கிறார் என்பது தெரியவந்தது. தலைக்குப் பின்னால் குடுவைகள் மாட்டிய ஒரு பலகையும் கீழே ஒரு கூடையும் வரையத் தொடங்கி, பிறகு வேண்டாம் என்று மூடிவிட்டார். அந்த வெற்றுச் சுவர் யோசித்து எடுத்த முடிவு.

3. காய்வதும் மங்குவதும்

எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் கீழடுக்கில் எண்ணெய் குறைவாகவும், மேலே போகப் போக அதிகமாகவும் இருக்க வேண்டும், மாறிப்போனால் பின்னாளில் வெடிக்கும். முதல் அடுக்குக்கு டர்பென்டைன் மட்டும், அடுத்ததற்கு அதில் கொஞ்சம் ஆளி விதை எண்ணெய், அதற்கடுத்து இன்னும் கொஞ்சம். இந்த விதியை எல்லோரும் சொல்வார்கள். இதன் கூடவே வரும் தொல்லையைத்தான் யாரும் விளக்குவதில்லை.

கருப்பு வெள்ளை அடுக்கு காய்ந்த மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ பார்த்தால், நேற்றுவரை ஆழமாக இருந்த நிழல்கள் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்திருக்கும். அம்பர் உள்ள இடங்களில் இன்னும் மோசம். தவறான வண்ணம் வைத்துவிட்டோமோ என்று மேலே இன்னொரு முறை கருமை ஏற்றத் தோன்றும். ஏற்றினால் அதுவும் மங்கும், மறுபடி ஏற்றுவோம். கடைசியில் வார்னிஷ் பூசும் நாளில் எல்லாம் ஒரேயடியாகக் கருத்து, மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாது.

வண்ணம் மாறவில்லை. அதிலிருந்த எண்ணெயைக் கீழே உள்ள பூச்சு உறிஞ்சிவிட்டது, அவ்வளவுதான். மேற்பரப்பு பளபளப்பை இழந்து ஒளியைச் சிதறடிப்பதால் கருமை வெளிறித் தெரிகிறது. எண்ணெயை உறிஞ்சும் ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) பூசிய கேன்வாஸிலும், டர்பென்டைனைத் தாராளமாக ஊற்றும் கைகளிலும் இது அதிகம்.

தீர்வு எளிது. அடுக்கு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும், ஆளி விதை எண்ணெயும் டர்பென்டைனும் சம அளவு கலந்து, நூல் பிரியாத பருத்தித் துணியில் துளி எடுத்து, மங்கிய இடத்தில் தேய்க்கவும். நிழல் உடனே பழைய ஆழத்துக்குத் திரும்பும். இப்போது முக்கியமான வேலை: சுத்தமான இன்னொரு துணியால் அந்த எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுக்க வேண்டும். விரலால் தடவினால் ஈரம் படக்கூடாது. மிச்சம் விட்டால் அது மஞ்சளாகும், பிசுபிசுக்கும். அன்றைக்குத் தீட்டப்போகும் பகுதிக்கு மட்டும் இதைச் செய்யுங்கள், முழுப் படத்துக்கும் தினமும் எண்ணெய்க் குளியல் வேண்டாம்.

மங்கிய பரப்பை வைத்து நிறத்தைத் தீர்மானிக்காதீர்கள், எப்போதுமே.

*பின்னர் சேர்த்தது:* சிலருக்கு இதன் எதிர்ப்பக்கம் நடந்திருக்கிறது. கீழடுக்கில் எண்ணெய் கூடிப்போய், மேலே வைக்கும் வண்ணம் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கிறது. நன்றாகக் காய்ந்த பிறகு டர்பென்டைன் லேசாக நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டுத் தீட்டுங்கள், ஒட்டும்.

4. நிறம்

சுவரிலிருந்து தொடங்குங்கள். வெள்ளை, அம்பர், கொஞ்சம் கருப்பு. ஆணியையும் அதன் நிழலையும் விட்டுவிடாதீர்கள்.

அவள் இடுப்பில் கட்டிய நீல முன்துணிக்கு வெர்மீர் லாபிஸ் லாஸுலி கல்லை அரைத்த அல்ட்ராமரினைப் பயன்படுத்தினார். நமக்கு ட்யூபில் வரும் செயற்கை அல்ட்ராமரினே போதும். முதலில் நீலமும் வெள்ளையும் கலந்து, வேண்டிய நிறத்தைவிட ஒரு படி வெளிறலாக மடிப்புகளைத் தீட்டிக் காயவிடுங்கள். பிறகு வெள்ளை கலக்காத அல்ட்ராமரினை எண்ணெயில் இளக்கி, கண்ணாடித்தாள் மாதிரி மெல்லியதாக இழுத்து, பழைய மிருதுவான பிரஷால் நீவிவிடவும். இதுதான் கிளேஸ். கிளேஸ் இருட்டாக்கும், ஒருபோதும் வெளிச்சமாக்காது. அந்த ஒரு படியைக் கீழேயே விட்டுவைப்பது அதற்காகத்தான்.

ரவிக்கையின் மஞ்சள் மூலத்தில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த நிறமி. ஈயம் ஆரம்பநிலைக்காரர்களுக்கு வேண்டாம். வெளிர் காட்மியம் மஞ்சளில் வெள்ளையும் துளி எல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) கலந்தால் பக்கத்தில் வந்துவிடும். இங்கே கிளேஸ் வேண்டாம், வண்ணத்தைத் தடிப்பாக வையுங்கள். முகத்தையும் வழவழவென்று நீவாதீர்கள்.

பால் இழையைத் தூய வெள்ளையில் இழுத்தால் நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். குடுவையின் வாய் போதுமான இருட்டில் இருந்தால் சற்றுச் சாம்பலான வெள்ளையே பாலாகத் தெரியும். ரொட்டியின் மேல் மின்னும் ஒளிப் புள்ளிகள் கடைசி நாள் வேலை. தடிப்பான வெளிர் மஞ்சளைச் சின்ன பிரஷின் நுனியில் எடுத்து, தொட்டு எடுங்கள், தேய்க்காதீர்கள்.

5. முடித்த பிறகு

எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். ஆளி விதை எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிப்படும், குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். வேலை செய்யும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வழக்கமான வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். கேன்வாஸின் பின்பக்கம் 'வெர்மீரின் ஓவியத்தைப் பார்த்துச் செய்த நகல்' என்று எழுதி உங்கள் பெயரையும் ஆண்டையும் போடுங்கள்.

*இன்னொரு சேர்க்கை:* தூசி படக்கூடாது என்று காய்கிற படத்தை அலமாரிக்குள் பூட்டிவைத்து, எடுத்துப் பார்த்தால் சுவரெல்லாம் மஞ்சளித்திருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு: ஆளி விதை எண்ணெய் இருட்டில் மஞ்சளிக்கும். நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் சில வாரம் வையுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். அதற்குள் வெள்ளையை எடுத்து மேலே பூசிவிடாதீர்கள்.