டேப்பிலிருந்து மீண்ட வொல்யூம் கேஷில் தங்கவில்லை: என் அனுபவம்

ஹட்டனில் இருந்து தூரத்து மெயின்பிரேமைப் பார்ப்பவருக்கு டேப் ரோபோவின் சத்தம் கேட்காது. கன்சோல் செய்திதான் கண்ணும் காதும். மூன்று நாளைத் தின்ற பிரச்சினை, ஒருவழியாகத் தீர்ந்தது.

ஐபிஎம் டிஎஸ்7700, அதாவது மெயின்பிரேமுக்கு டேப் போலக் காட்டிக்கொண்டு தரவை முதலில் வட்டில் (அதுதான் கேஷ்) வைக்கும் பெட்டி; பின்னால் டேப் நூலகம். காலை ஜொப் பழைய வொல்யூம்களை (மெயின்பிரேம் தனித்தனி டேப்பாகக் காணும் தரவுத் தொகுப்புகளை) வாசிக்கும்போது அவை டேப்பிலிருந்து கேஷுக்கு வரும். பிற்பகல் ஜொப் அதே வொல்யூம்களைக் கேட்டால் மறுபடியும் டேப் மவுண்ட், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடக் காத்திருப்பு.

வொல்யூமைக் கேஷில் எப்படி நடத்துவது என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸ் பி.ஜி.1 (கேஷில் தங்கவைக்கும் வகை), அதில் பிழையில்லை. கேஷ் நிரம்பித்தான் இருந்தது, ஆனால் டேப் இணைந்த பெட்டியில் அது வழமை. ரீக்ளெய்மை (பாதி காலியான டேப்களின் தரவை வேறு டேப்புக்கு மாற்றி இடம் மீட்கும் வேலையை) தடுத்ததில் இரண்டு டிரைவ்கள் மிஞ்சின. மவுண்ட் வேகமானது, மீட்பு எண்ணிக்கை குறையவில்லை.

பட்டியலை அளவு வாரியாக அடுக்கியபோதுதான் பிடிபட்டது: பெரிய வொல்யூம்களே முதலில் வெளியேறியிருந்தன. பி.ஜி.1 என்றால் நெடுநேரம் தொடாதது முதலில் போகும். பெரியது முதலில் போவது பி.ஜி.0இன் (கேஷிலிருந்து முதலில் அகற்றும் வகையின்) குணம். டேப்பில் ஏற்கெனவே பிரதி இருப்பதால் மீண்ட வொல்யூமை அழிக்க எந்தத் தடையும் இல்லை.

கன்சோலில் லைப்ரரி ரெக்வெஸ்ட் கட்டளையில் செட்டிங் மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஆர்இசிஎல்பிஜி0 எனேபிள் ஆகியிருந்தது! அது இருந்தால் மீட்கப்படும் எதுவும், ஸ்டோரேஜ் கிளாஸ் என்ன சொன்னாலும், பி.ஜி.0 ஆகத்தான் நடத்தப்படும். இயல்புநிலை டிஸேபிள், யாரோ எப்போதோ மாற்றியது.

செட்டிங், கேஷ், ஆர்இசிஎல்பிஜி0, டிஸேபிள் என்று கொடுத்தேன். முழு அமைப்பையும் குறிக்கும் கூட்டு நூலகத்தின் (கம்போசிட் லைப்ரரி) பெயரில் அல்ல, ஒவ்வொரு கிளஸ்டரின், அதாவது ஒவ்வொரு தனி டிஎஸ்7700 பெட்டியின், விநியோக நூலகப் (டிஸ்ட்ரிபியூட்டட் லைப்ரரி) பெயரிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். மறுநாள் பிற்பகல் ஜொப் கேஷிலிருந்தே வாசித்தது.