கேனானா, நிக்கானா, சோனியா? லென்ஸ் பட்டியலிலிருந்து ஆரம்பியுங்கள்

புதுசாக கேமரா வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: என்ன எடுக்கப் போகிறீர்கள், அதற்கு எந்த லென்ஸ் வேண்டும் என்று யோசித்தீர்களா? பாதிப் பேர் முழிப்பார்கள். பாடியைப் பற்றி, அதாவது லென்ஸ் மாட்டாத வெறும் கேமராவைப் பற்றி மட்டும் வரிசையாக வீடியோ பார்த்து, எத்தனை மெகாபிக்சல், கண்ணைப் பிடித்து ஃபோகஸ் செய்யுமா, 4கே வருமா என்று எல்லாம் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்த பெரிய கம்பெனியின் பாடியும் மோசமில்லை, அதை வைத்துச் சண்டை போட ஒன்றுமில்லை. பாடியை எப்படியும் சில வருடங்களில் மாற்றிவிடுவீர்கள். லென்ஸ்களைக் கூண்டோடு மாற்றினால்தான் கையைச் சுடும். நிலம் வாங்கப் போனால் மண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டி போக வழி இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி பாடியைத் தொடுவதற்கு முன்னால் அதன் மவுண்ட்டில் உங்களுக்கு வேண்டிய லென்ஸ், உங்களால் கொடுக்க முடிந்த விலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மவுண்ட் என்றால் லென்ஸைப் பூட்டும் வளையம். கம்பெனிக்குக் கம்பெனி வேறு. இப்போது நடப்பில் இருப்பவை: கேனானின் ஆர்எஃப், நிக்கானின் இசட் (இரண்டும் 2018ல் வந்தவை), சோனியின் ஈ மவுண்ட் (2010), ஃபூஜிஃபிலிமின் எக்ஸ் (2012), ஒலிம்பஸும் பானாசோனிக்கும் 2008ல் சேர்ந்து தொடங்கிய மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ், அப்புறம் லைக்கா, பானாசோனிக், சிக்மா கூட்டாக நடத்தும் எல் மவுண்ட். பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த பழைய வகை கேமரா) பிரியர்கள் கோபிக்க வேண்டாம், உங்களுக்கு என் ஆலோசனை தேவைப்படாது.

சரி, ஒரு தாளை எடுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் உண்மையிலேயே வாங்கப் போகிற மூன்று லென்ஸ்களை எழுதுங்கள். "உண்மையிலேயே" என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பட்டியலில் ஒரு 70-200 எஃப் 2.8 (கனமும் விலையும் அதிகமான ஜூம்) எழுதுகிறார்கள், வாங்குகிறவர்கள் சிலர்தான். வீட்டுக் குழந்தைகள், கோவில், கச்சேரி, விசேஷங்கள் என்றால் வெளிச்சம் வாங்கும் ஒரு பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்), எஃப் 2.8 வைத்த ஒரு சின்ன ஜூம். எஃப் எண் லென்ஸ் திறப்பைச் சொல்வது, எண் சின்னதானால் வெளிச்சம் அதிகம். பறவை என்றால் 400 எம்எம்மிலிருந்து மேலே, எம்எம் கூடக்கூட தூரத்தில் இருப்பது கிட்டே தெரியும். ஊர் சுற்ற என்றால் கழுத்தை இழுக்காத எதுவும்.

வெளிச்சம் வாங்குவது என்று ஏன் இவ்வளவு பேசுகிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. கேனான் ஆர்10, ஆர்50 உடன் வரும் 18-45 கிட் லென்ஸை 45க்கு ஜூம் செய்தால் அதன் அப்பர்ச்சர், அதாவது திறப்பு, எஃப் 6.3. நிக்கான் இசட்50 உடன் வரும் 16-50ம் முனையில் அதே 6.3தான். சாயங்கால நேரம் மண்டபத்துக்குள் தவில்காரரை எடுக்கிறீர்கள், ஆள் அசைவு அதிகம் கலங்காமல் இருக்க ஷட்டர் 1/100 நொடியை விட மெதுவாகப் போகக்கூடாது, கேமரா ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 12800 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும், முகத்தில் தோல் மெழுகு மாதிரி ஆகிவிடும். அதே இடத்தில் எஃப் 1.8 லென்ஸ் 12 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும், ஐஎஸ்ஓ 1000 சுற்றி வந்தால் போதும். எஃப் 2.8 ஜூம் என்றால் 5 மடங்கு, ஐஎஸ்ஓ 2500. அடுத்த மாடல் பாடிக்கு மாறினால் இந்த அளவுக்கு வித்தியாசம் கிடைக்கவே கிடைக்காது. அதனால்தான் பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்குக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே ஸ்டெபிலைசேஷன் பற்றி ஒரு வார்த்தை. பாடிக்குள்ளேயே சென்சாரை (படத்தைப் பதியும் சில்லு) அசைத்து நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கேனான் ஆர்7, சோனி ஏ6700, ஃபூஜி எக்ஸ்-எஸ்20 போன்றவற்றில் உண்டு, ஆர்10, ஆர்50, இசட்50, சோனி ஏ6400 இவற்றில் கிடையாது. அசையாத தூணுக்கும் சிற்பத்துக்கும் அது பெரிய உதவி. ஆடுகிற பிள்ளைக்கு உதவாது, நடுங்குவது உங்கள் கை மட்டும் இல்லையே.

அடுத்தது சென்சார் அளவு. ஃபுல் ஃபிரேம் 36க்கு 24 மி.மீ. ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5க்கு 15.6, கேனானில் அதைவிடக் கொஞ்சம் சின்னது. மைக்ரோ ஃபோர் தர்ட்ஸ் 17.3க்கு 13. இதனால் 50 எம்எம் லென்ஸ் ஒன்று நிக்கான், சோனி, ஃபூஜி ஏபிஎஸ்-சியில் 75 மாதிரியும், கேனானில் 80 மாதிரியும், மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 100 மாதிரியும் குறுகலாகத் தெரியும். "50 எம்எம் வாங்கு, எல்லாத்துக்கும் ஆகும்" என்று பழைய ஆட்கள் சொல்வது ஃபிலிம் காலத்துப் பேச்சு. ஏபிஎஸ்-சியில் அதை மாட்டிக்கொண்டு சின்ன ஹாலில் நின்றால் முதுகு சுவரில் இடிக்கும், ஆள் பாதிதான் வருவார். அங்கே உங்களுக்கு வேண்டியது 30 அல்லது 35.

இப்போது தாளில் எழுதிய மூன்று லென்ஸ்களை ஒவ்வொரு மவுண்ட்டிலும் தேடுங்கள். வித்தியாசம் இங்கேதான் பளிச்சென்று தெரியும்.

சோனியில் தேடினால் கிடைக்காதது குறைவு. வெளிக் கம்பெனிகளுக்கு மவுண்ட்டை ஆரம்பத்திலேயே திறந்துவிட்டார்கள், அதனால் சிக்மா, டாம்ரான் இரண்டுமே முதலில் இங்கேதான் வந்து நிற்கும். ஏபிஎஸ்-சிக்கு சிக்மாவின் 18-50 எஃப் 2.8 வெறும் 290 கிராம், டாம்ரானின் 17-70 எஃப் 2.8, சிக்மாவின் 16, 30, 56 எஃப் 1.4 பிரைம்கள். ஒரே வேலைக்கு மூன்று விலையில் மூன்று லென்ஸ் இருக்கும், செகண்ட் ஹேண்டிலும் புழங்கும். பிடி எனக்குப் பிடிக்காது, சின்ன பாடியில் பெரிய லென்ஸ் மாட்டினால் விரல் இடிக்கிறது. ஆனால் பட்டியலை வைத்துப் பார்த்தால் சோனியை ஜெயிப்பது கஷ்டம்.

கேனான் கதையே வேறு. ஆர்எஃப் மவுண்ட்டை இறுக்கி மூடி வைத்திருந்தார்கள். 2022ல் வில்ட்ராக்ஸ் என்ற வெளி லென்ஸ் கம்பெனி ஆட்டோஃபோகஸ் லென்ஸ் விற்றதையே நிறுத்த வைத்தார்கள். 2024ல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் கதவைத் திறந்தபோதும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு மட்டும்தான் திறந்தார்கள். அதுவரை ஆர்7, ஆர்10 வாங்கியவர்களுக்கு கேனான் தானே கொடுத்த ஏபிஎஸ்-சி ஜூம்கள் 18-45, 18-150, 55-210, 10-18. நான்கும் முனையில் எஃப் 6.3, அல்லது 7.1. நல்ல பாடியைக் கொடுத்துவிட்டு இருட்டு லென்ஸைக் கொடுத்தால் என்ன செய்வது? இப்போது சிக்மா 18-50 கேனானுக்கும் வந்துவிட்டதால் நிலைமை தேறிவிட்டது, நான் கேனான் ஏபிஎஸ்-சியைத் தயங்காமல் சொல்ல ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான். ஃபுல் ஃபிரேமில் ஆர்எஃப் 50 எஃப் 1.8 மாதிரி விலை குறைந்தவை சில இருக்கின்றன, அதைத் தாண்டினால் பெரும்பாலும் சிவப்பு வளையம் போட்ட, விலை கூடிய எல் வரிசைதான். நடுத்தர பட்ஜெட்காரருக்கு நடுவில் இடம் கொஞ்சம்தான்.

நிக்கானில் ஃபுல் ஃபிரேம் லென்ஸ்களின் தரம் அபாரம், எடையும் அப்படியே. மூன்று கம்பெனியின் 50 எஃப் 1.8ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஒவ்வொருவரும் எப்படி யோசிக்கிறார்கள் என்று புரியும்: கேனான் 160 கிராம், சோனி 186, நிக்கான் 415. பெயர் ஒன்று, பொருள் வேறு. நிக்கானுடையது ஓரம் வரை கூர்மையாக இருக்க வேண்டும் என்று செய்தது, விலையும் அதற்கேற்ப. கையடக்கமாக வேண்டும் என்றால் நிக்கானில் 40 எஃப் 2 பாருங்கள், 170 கிராம்தான். ஏபிஎஸ்-சி லென்ஸ்களில் நிக்கான் பல வருடம் மெத்தனமாக இருந்தது, 2023ல் சிக்மாவின் மூன்று எஃப் 1.4 பிரைம்கள் இசட் மவுண்ட்டுக்கு வந்துதான் மானம் காப்பாற்றின.

ஃபூஜி இந்த விஷயத்தில் நேர்மையானது. ஃபுல் ஃபிரேம் பக்கமே போகவில்லை. அதனால் எக்ஸ் மவுண்ட் லென்ஸ் எல்லாமே ஏபிஎஸ்-சிக்காகவே அளவெடுத்துச் செய்தவை. 23, 35, 50 எஃப் 2 மூன்றும் தண்ணீர்த் துளிக்குத் தாங்கும், எதுவும் 200 கிராமைத் தாண்டாது, பல லென்ஸ்களில் அப்பர்ச்சர் வளையம் விரலுக்குக் கீழேயே இருக்கும். ஓடுகிற பிள்ளையையும் பறக்கிற கொக்கையும் பிடிக்கும் ஆட்டோஃபோகஸில் சோனி, கேனானுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். தெரு, பயணம், ஆட்கள் என்றால் முதலில் இதைத்தான் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன்.

பறவைக்காரர்கள் தனி ஜாதி. சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் ஏறத்தாழ 2 கிலோ. காலை முழுக்கத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடந்து பாருங்கள், அப்புறம் பேசலாம். கேனானின் 100-400 வெறும் 635 கிராம், ஆர்7ல் மாட்டினால் 640 எம்எம் மாதிரி எட்டும், ஆனால் முனையில் எஃப் 8, அதனால் விடிகாலை மூட்டத்தில் திணறும். மைக்ரோ ஃபோர் தர்ட்ஸில் 75-300 லென்ஸ் 423 கிராம், 600 எம்எம் மாதிரி எட்டும், முனையில் எஃப் 6.7. சின்ன சென்சார் என்று கிண்டல் செய்கிறவர்கள் இந்த எடையைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. முட்டி வலி, தோள் வலி இருப்பவர்கள் யோசிக்காமல் இந்தப் பக்கம் வரலாம். ஒலிம்பஸ் கேமரா தொழிலை விற்றுவிட்டதே என்று பயப்படுகிறவர்களுக்கு: 2021லிருந்து ஓஎம் டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற பெயரில் நடத்துகிறார்கள், புது பாடிகளும் வந்தன.

பயப்பட வேண்டிய இடம் வேறு. பெரிய கம்பெனி என்பதால் மவுண்ட் சாகாது என்று நினைக்காதீர்கள். "நிக்கான் 1" என்ற கேமரா வரிசை 2011ல் வந்தது, 2018ல் இல்லை. கேனானின் ஈஎஃப்-எம் 2012ல் வந்து நன்றாகவே விற்றது. 2022ல் ஆர்7, ஆர்10 வந்ததோடு அதன் கதை முடிந்தது. அந்த லென்ஸ்களை ஆர்எஃப் பாடியில் அடாப்டர் வைத்தும் மாட்ட முடியாது, காரணம் எளிது: ஈஎஃப்-எம்மில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 18 மி.மீ., ஆர்எஃப்பில் 20. நடுவில் அடாப்டரை நுழைக்க இடமே இல்லை. செகண்ட் ஹேண்டில் ஈஎஃப்-எம் பாடியான எம்50 மலிவாக வந்தால் கூடவே இருக்கும் லென்ஸோடு முடிந்தது என்று நினைத்து வாங்குங்கள், மேலே எதுவும் கட்ட முடியாது.

பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வீட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை நேர்மாறு. கேனானின் ஈஎஃப் 1987லிருந்து வருவது, இடைவெளி 44 மி.மீ., அதனால் ஆர்எஃப்புக்கு வெறும் குழாய் மாதிரி அடாப்டர் போதும், உள்ளே கண்ணாடி கிடையாது, ஆட்டோஃபோகஸ் அப்படியே வேலை செய்யும். கையில் பணம் கம்மி என்றால் ஆர்எஃப் பாடி, அடாப்டர், செகண்ட் ஹேண்ட் ஈஎஃப் லென்ஸ், இந்தக் கூட்டணியை விட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. நிக்கானில் எஃப்டிஇசட் அடாப்டர் உண்டு, ஆனால் அதற்குள் ஃபோகஸ் மோட்டார் இல்லை. லென்ஸ் மேல் ஏஎஃப்-எஸ் என்று இருந்தால் சரி. மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி என்றால் கையால்தான் திருப்ப வேண்டும். வாங்கும் முன் அந்த எழுத்தைப் படியுங்கள், விற்கிறவர் சொல்லமாட்டார்.

பின்னால் ஃபுல் ஃபிரேமுக்குப் போகப் போகிறேன், அதனால் இப்போதே பெரிய லென்ஸ் வாங்கி ஏபிஎஸ்-சி பாடியில் மாட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் நிறைய. எனக்கு இது ஒப்பவில்லை. 24-70 லென்ஸ் ஏபிஎஸ்-சியில் 36லிருந்து ஆரம்பிக்கும், குழு படம் எடுக்க அகலம் போதாது, எடையும் விலையும் மட்டும் முழுசாக உங்கள் தலையில். போகப் போவது நிச்சயம் என்றால் ஒரு பழைய ஃபுல் ஃபிரேம் பாடியை இப்போதே செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். இல்லையென்றால் இன்றைக்குப் பொருந்துகிற லென்ஸை வாங்கிப் படம் எடுங்கள்.

பட்டியல் சுருங்கி இரண்டு மவுண்ட் நின்றதும் கடைக்குப் போங்கள். உங்கள் லென்ஸை மாட்டச் சொல்லிப் பிடித்துப் பாருங்கள், வெறும் பாடியைத் தடவிப் பார்ப்பதில் பயனில்லை. நண்பரோ அண்ணனோ ஏற்கனவே ஒரு மவுண்ட்டில் இருந்தால் அதற்கு நான் நிறைய மதிப்பெண் போடுவேன், அவசரத்துக்கு லென்ஸ் கடன் வாங்கலாம். உங்கள் ஊரில் வாடகைக்கு என்ன கிடைக்கிறது என்றும் விசாரியுங்கள். கல்யாண வேலை எடுப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும், முகூர்த்த நாளில் ஒரு லென்ஸ் மக்கர் செய்தால் மாற்று எங்கே? ஒரு சின்ன விஷயம், கேனானிலிருந்து நிக்கானுக்கு மாறினால் லென்ஸைப் பூட்டும் திசையே தலைகீழ், ஜூம் வளையமும் எதிர்ப்பக்கம் சுற்றும். கொஞ்ச நாள் கை தடுமாறும், அப்புறம் பழகிவிடும்.

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். தூசி இரண்டு இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஓரத்திலிருந்து வேர் மாதிரி மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை, நம்ம கடற்கரை ஊர் ஈரத்துக்கு சர்வ சாதாரணம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது லென்ஸ் சந்தையை விட ரொம்பக் குறைவாகக் கிடைத்தால் இந்திய வாரண்டி கார்டு, ஜிஎஸ்டி பில் இரண்டையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பையில் வந்த சரக்காக இருந்தால் பழுதாகும் நாளில் சர்வீஸ் சென்டரில் கைவிரித்துவிடுவார்கள். வாங்கிய லென்ஸை வந்த தோல் பையிலேயே அடைத்து பீரோவில் வைக்காதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடுங்கள்.