கில்ட்டுக்கு எந்தத் தொப்பி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் அணியும் மடிப்புப் பாவாடை), ஸ்போரன் (அதன் முன்னால் தொங்கும் பை), முட்டிவரை ஏறும் காலுறை எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியில் தொப்பியிடம் வந்து முழிப்பவர்கள்தான் அதிகம். கில்ட் வாடகைக்குத் தரும் கடைகளில் சட்டையிலிருந்து ஷூ வரை ஒரே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். தொப்பி பெரும்பாலும் அந்தப் பையில் இருக்காது. கேட்டால் சுவரில் தொங்கும் நாலைந்தைக் காட்டி, "உங்கள் இஷ்டம்" என்பார்கள். கில்ட் கட்டத் தெரியும், டார்ட்டனும் (கில்ட் துணியின் கட்டங்கள்) முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே என்ன என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: தொப்பி வேண்டுமா என்று முதலில் பாருங்கள்

பல சமயம் வேண்டாம். மாலை விருந்துக்குப் பிரின்ஸ் சார்லி எனும் குட்டை விருந்துக் கோட்டும் போ டையுமாகப் போகிறீர்கள் என்றால் வெறுந்தலைதான் சரி. கல்யாண மண்டபத்துக்குள்ளும் அப்படியே. வீட்டுக்குள், தேவாலயத்தில், சாப்பாட்டு மேசையில் தொப்பியைக் கழற்றிவிடுவது வழக்கம். வாசித்துக்கொண்டிருக்கும் பைப் பேண்டுக்காரர்களுக்கு (பேக்பைப்பும் முரசும் வாசிக்கும் குழு) மட்டும் விலக்கு. ஆகவே நாள் முழுக்க கூரைக்கு அடியில்தான் இருப்பீர்கள் என்றால் அந்தப் பணத்தை நல்ல காலுறையில் போடுங்கள்.

வெளியில் நடக்கும் காரியங்களுக்குத்தான் தொப்பி: ஹைலண்ட் கேம்ஸ் என்ற ஸ்காட்லாந்து விளையாட்டுவிழா, அணிவகுப்பு, ட்வீட் கோட்டோடு போகும் பகல்நேர விழா. செப்டம்பர் முதல் சனிக்கிழமை ஸ்காட்லாந்தின் பிரேமார் ஊரில் நடக்கும் விளையாட்டுவிழாவுக்குப் போனால் காற்றும் தூறலும் உறுதி. அங்கே அது அலங்காரமே இல்லை, அவசியம்.

படி 2: மூன்றில் ஒன்று

பால்மோரல்: வட்டமான, தட்டையான கம்பளித் தொப்பி. தலையைச் சுற்றி ஒரு பட்டை, மேலே அகலமான வட்டம், நடு உச்சியில் நூல் உருண்டை. அந்த உருண்டைக்கு டூரி என்று பெயர். இடப்பக்கம் கறுப்பு ரிப்பனை மடித்துத் தைத்த காக்கேட் இருக்கும். பேட்ஜ் குத்துவது அதன்மேல்தான். பின்பக்கம் இரண்டு ரிப்பன்கள் தொங்கும். பானெட் எனும் ஸ்காட்லாந்தின் பழைய நீலக் கம்பளித் தொப்பியின் நேரடி வாரிசு இது. ஸ்டூவர்ட்டன், கில்மார்னக் ஊர்களில் பின்னி, நீரில் போட்டு அடித்து இறுக வைத்த அந்த பானெட்டைத்தான் 1745 கிளர்ச்சியில் ஜாக்கோபைட்டுகள் (ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையில் ஏற்ற முயன்றவர்கள்) வெள்ளைக் காக்கேட்டோடு அணிந்தார்கள். விக்டோரியா ராணியின் கணவர் ஆல்பர்ட் 1852இல் வாங்கிய பால்மோரல் மாளிகையின் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது.

கிளென்கேரி: காந்தி குல்லாய்போல் தட்டையாக மடியும், துணிதான் தடித்த கம்பளி. மேலே டூரி, இடப்பக்கம் காக்கேட், பின்னால் இரண்டு ரிப்பன் வால்கள். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது கிளென்கேரி மக்டானல் குலத்தின் தலைவர் அணிந்ததிலிருந்து பரவியது என்பார்கள். பிறகு ராணுவம் எடுத்துக்கொண்டது, பைப் பேண்டுகள் எடுத்துக்கொண்டன. ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீனில் நடக்கும் உலக பைப் பேண்ட் போட்டிக்குப் போனால் பார்க்கும் திசையெல்லாம் கிளென்கேரிதான். வாங்கும் முன் ஒரு நடை அங்கே போய், யார் முகத்துக்கு எப்படி உட்கார்கிறது என்று கவனித்துவிட்டு வரலாம்.

டாம் ஓ ஷான்டர்: பால்மோரலின் தளர்ந்த உறவினர். வட்டம் பெரியது, ரிப்பன் வால் கிடையாது. ராபர்ட் பர்ன்ஸ் 1791இல் வெளியிட்ட கவிதையின் குடிகார நாயகன் பெயர் இது. புயலில் குதிரையில் போகும்போது தன் நீல பானெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு போவான். முதல் உலகப்போரில் காக்கி நிறத்தில் ராணுவத்துக்கும் வந்தது. கடைவீதியில் டார்ட்டன் துணியில், செம்பட்டை முடி ஒட்டி விற்கிறார்களே, அது இதன் கேலிப் பதிப்பு. கால்பந்து மைதானத்துக்குப் போட்டுக்கொண்டு போங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். நல்ல கில்ட்டுக்கு மேல் வேண்டாம்.

கரடித்தோல் தொப்பி மாதிரி உயரமாக, தீக்கோழி இறகு வைத்த ஒன்றைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது ராணுவ பைப்பர்களின் முழுச் சீருடை. நமக்கு வேண்டாத வேலை.

என் கட்சி: முதல் தொப்பி பால்மோரல். அளவில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வட்ட முகம், நீள முகம் இரண்டுக்கும் பொருந்தும். ட்வீட் கோட்டோடு மட்டுமல்ல, வெறும் ஸ்வெட்டரோடும் போகும். கிளென்கேரி பார்க்க மிடுக்குதான். ஆனால் பேண்டில் இல்லாதவர் போட்டால், "எந்த பேண்டில் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறையும்.

படி 3: அளவு. இங்கே நிதானமாகப் போங்கள்

தையல் டேப்பை எடுத்துப் புருவத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி வாருங்கள். இறுக்கவும் வேண்டாம், தொங்கவிடவும் வேண்டாம். தொப்பி போடும் நாளில் முடி எப்படி இருக்குமோ அப்படி வைத்துக்கொண்டு அளப்பது முக்கியம். வந்த எண்ணை சென்டிமீட்டரில் எழுதிவையுங்கள்.

வம்பு இதற்குப் பிறகுதான். தொப்பிக் கடைகள் 7, 7 1/8, 7 1/4 என்று பின்னத்தில் அளவு சொல்வார்கள். பிரிட்டன் அளவும் அமெரிக்க அளவும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. 58 சென்டிமீட்டர் தலைக்கு பிரிட்டன் கணக்கில் 7 1/8, அமெரிக்கக் கணக்கில் 7 1/4. நடுவில் 1/8 வித்தியாசம். தலையில் அது ஒரு சென்டிமீட்டர். ஓர் இணையக் கடையில் பிரிட்டன் அளவு என்று நம்பி 7 1/8 கேட்டேன். பக்கத்தில் எங்கும் எந்த நாட்டு அளவு என்று எழுதவில்லை. வந்தது 57 சென்டிமீட்டர் கிளென்கேரி. பத்து நிமிடம் போட்டால் நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு. திருப்பி அனுப்பும் தபால் செலவும் என் தலையில்தான் விழுந்தது.

அதனால் பின்னத்தை விட்டுவிடுங்கள். "இது உள்சுற்று எத்தனை சென்டிமீட்டர்?" என்று எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லாத கடையில் வாங்க வேண்டாம்.

இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் பெரியதை எடுத்து, பட்டைக்கு உள்ளே மெல்லிய ஃபெல்ட் துண்டு வைத்துக்கொள்ளலாம். சின்னதை இழுத்துப் பெரிதாக்குவது நடக்காது. பால்மோரலில் இன்னொரு வசதி, பின்னால் தொங்கும் ரிப்பன். சிலவற்றில் அது பட்டைக்குள் ஓடும்; இரு முனையையும் இழுத்துக் கட்டினால் தொப்பி இறுகும். சிலவற்றில் சும்மா அழகுக்குத் தைத்திருப்பார்கள். மெல்ல இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓடும் ரிப்பன் உள்ளதையே வாங்குங்கள்.

படி 4: நிறம்

கருநீலம் அல்லது கறுப்பு. பச்சை ட்வீட் கோட் என்றால் லோவட் எனும் மங்கிய பச்சையும் நன்றாக இருக்கும். கில்ட்டின் டார்ட்டனிலேயே தொப்பியும் தைத்துப் போடாதீர்கள், கண் கூசும்.

பட்டையில் சிவப்பு வெள்ளைச் சதுரக்கட்டம் போட்டது வேண்டுமா என்று கேட்பார்கள். தடையேதும் இல்லை, ஆனால் அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ராணுவப் படைப்பிரிவுகளின் வரலாறு இருக்கிறது. முதல் தொப்பிக்குக் கட்டமில்லாத வெறும் பட்டையே என் தேர்வு. பிரிட்டன் போலீஸ் தொப்பியைச் சுற்றி கறுப்பு வெள்ளைக் கட்டம் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்த கிளென்கேரி பட்டையிலிருந்து போனதுதான். 1930களில் கிளாஸ்கோ போலீஸ் தலைவராக இருந்த பெர்சி சில்லிடோ கொண்டுவந்தது.

படி 5: பேட்ஜும் இறகும்

கடைகளில் வார்ப்பட்டையும் கொக்கியும் வட்டமாகச் சுற்றிய கிளான் (ஸ்காட்லாந்துக் குலம்) பேட்ஜ்கள் குவிந்திருக்கும். நடுவில் உள்ள சின்னம் கிளான் தலைவருடையது; அந்த வார்ப்பட்டை, "நான் இவருடைய ஆள்" என்பதற்கு அடையாளம். கிளான் தொடர்பில்லாத நம்மைப் போன்றவர்களுக்குத் ஸ்காட்லாந்தின் சின்னமான திஸ்ட்டில் என்ற முட்பூ அல்லது அந்நாட்டின் காவல் புனிதர் ஆண்ட்ரூவின் சாய்சிலுவை பேட்ஜ் போதும், கண்ணியமாகவும் இருக்கும். வெறும் காக்கேட்டோடு விட்டாலும் குறையில்லை. படைப்பிரிவு பேட்ஜை அதில் பணியாற்றாதவர் அணிவது நன்றாக இருக்காது.

கழுகு இறகில் கை வைக்காதீர்கள். மூன்று இறகு கிளான் தலைவருக்கு, இரண்டு கிளைத்தலைவருக்கு, ஒன்று முறைப்படி மரபுச்சின்னம் பெற்றவருக்கு. ஸ்காட்லாந்தில் மரபுச்சின்னங்களுக்கென்று லார்ட் லயன் என்ற அதிகாரியும் அவருக்கு ஒரு நீதிமன்றமும் இன்றும் இருக்கிறார்கள்.

பேட்ஜ் கனமாக இருந்தால் காக்கேட் முன்பக்கம் தொங்கிவிடும். உட்புறம் ஒரு சின்னத் தோல் துண்டு வைத்து அதன் வழியாகக் குத்துங்கள்.

படி 6: தலையில் வைப்பது

பால்மோரல்: பட்டை நெற்றியில் நேர்க்கோடாக, புருவத்துக்கு இரண்டு விரல் மேலே. ரிப்பன் முடிச்சு பின்மண்டையின் நடுவில். காக்கேட் இடது நெற்றிப்பொட்டுக்கு மேலே. பிறகு மேல்வட்டத்தைப் பிடித்து வலது காதுப் பக்கம் இழுத்துச் சரியவிடுங்கள். பட்டை சாயக்கூடாது, வட்டம் மட்டும் சாய வேண்டும். புகைப்படங்களில் பலர் தொப்பியையே சாய்த்துவிட்டு நிற்பது இது தெரியாமல்தான்.

கிளென்கேரி: முன்முனை வலது கண்ணுக்கு நேரே. வால்கள் கட்டாமல் தொங்கட்டும். பழைய ராணுவப் படங்களில் வலது காதைத் தொடும் அளவுக்குச் சாய்த்திருப்பார்கள். இப்போது ஓரளவு மட்டமாகவே வைக்கிறார்கள்.

புதுப் பால்மோரல் அப்பளமாய் விறைத்து நின்றால்: மேல்வட்டத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து நன்றாக ஈரமாக்குங்கள். சுடுதண்ணீர் ஆகாது, கம்பளி சுருங்கும். உள்ளே தோல்பட்டை இருந்தால் அதை நனைக்காதீர்கள். மெல்லிய சாப்பாட்டுத் தட்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்துத் திறப்பின் வழியாக உள்ளே விட்டுப் படுக்க வையுங்கள். பார்த்தால் நுழையாது போலிருக்கும். திறப்பைத் தட்டையாக அமுக்கிப் பிடித்தால் 25 சென்டிமீட்டர் தட்டு போய்விடும். சுருக்கங்களை விரலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நிழலில் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் வைக்கவே கூடாது.

பிற்சேர்க்கை

நீளமான முடி உள்ள பெண்கள் இரண்டு பேர், கொண்டையோடு இந்தத் தொப்பிகளைப் போடுவது எப்படி என்று கேட்டிருந்தார்கள். பைப் பேண்டுகளில் பெண்களும் இதே கிளென்கேரிதான் போடுகிறார்கள். உச்சியில் கொண்டை போட்டால் எந்தத் தொப்பியும் உட்காராது. பிடரிக்கு மேல் தாழ்வாகப் போட்டு, ரிப்பன் அதன்மேல் விழும்படி விடுங்கள். கொண்டை போட்ட பிறகு மறுபடி தலையை அளந்துகொள்ளுங்கள், டேப் கொண்டையைச் சுற்றாமல் அதற்கு மேலாகத்தான் போக வேண்டும்.

ரிப்பன் முனை நூல்நூலாகப் பிரிகிறது என்றும் ஒருவர் எழுதியிருந்தார். முனையை மீன்வால்போல் வெட்டி, வெட்டிய ஓரத்தில் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு கோடு தடவிக் காயவிட்டால் நிற்கும்.