செடி வாடினால் உரத்தை எடுக்காதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள்

மண் இல்லாமல் தண்ணீரில் காய்கறி வளர்க்க, அதாவது ஹைட்ரோபோனிக்ஸ் செய்ய, ஆரம்பிக்கிறவர்களில் பாதிப் பேராவது முதல் மாதத்தில் ஒரே தவறைச் செய்கிறார்கள். செடி லேசாக வாடும், அல்லது இலை வெளிறும். சத்து போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் கரைசலை ஊற்றுவார்கள். மறுநாள் இன்னும் வாடும், இன்னும் ஊற்றுவார்கள். நாலு நாளில் செடி போய்விடும்.

நானும் அப்படித்தான் என் முதல் பெட்டியை இழந்தேன். ஆறு லெட்டூஸ், மூன்றாவது வாரம், பெட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மதியம் ஆனால் எல்லாம் தலையைத் தொங்கப்போட்டன. சத்து ஊற்றிப் பார்த்து, சரியாகாமல், கடைசியில்தான் மூடியைத் தூக்கினேன். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் டிகாஷன் நிறத்தில் கொழகொழவென்று கிடந்தது. இரண்டு விரலால் பிடித்து உருவினால் மேல்தோல் அப்படியே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிச்சம். சாக்கடை வாடை வேறு.

அது வேரழுகல். தண்ணீருக்குள்ளேயே நிற்கிற செடி ஏன் வாடுகிறது என்றால், அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. வேர் ஏன் அழுகியது என்றால் பெரும்பாலும் அதற்கு மூச்சு விடக் காற்று கிடைக்கவில்லை. மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று தானாக இருக்கும், இங்கே அதை நாம்தான் கொடுக்க வேண்டும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். ஆனால் சூடு ஏற ஏற வேருக்கு ஆக்சிஜன் தேவை கூடும், பித்தியம் போன்ற அழுகல் கிருமிகளுக்கும் கொண்டாட்டம். வரவு குறைகிற நேரத்தில் செலவு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் கரைசல் 18 முதல் 22 டிகிரிக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். அந்த அளவுக்குக் குளிர வைக்க முடியாத வீட்டில் செய்யக்கூடியவை மூன்று: மீன் தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்பும் குமிழி விடுகிற கல்லும் இரவு பகலாக ஓடட்டும், தொட்டி நிழலில் இருக்கட்டும், முடிந்தவரை பெரிய தொட்டியாக இருக்கட்டும். ஐந்து லிட்டர் தண்ணீர் வெயிலில் சீக்கிரமே சூடாகிவிடும், ஐம்பது லிட்டர் அவ்வளவு சீக்கிரம் சூடாகாது.

பம்ப் இல்லாமலே செய்கிற முறை ஒன்று உண்டு, ஹவாய் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் கிராட்கி பெயரால் கிராட்கி முறை என்பார்கள். ஆரம்பிக்க அதுதான் சுலபம், அதனாலேயே நிறைய பேர் அதில் கெடுக்கிறார்கள். செடி தண்ணீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், மேலே காற்று நிற்கிற இடைவெளி வரும், அந்த ஈரமான இடத்தில் வளர்கிற வேர்கள்தான் காற்றை எடுத்துக்கொள்கின்றன. இது தெரியாமல், தண்ணீர் குறைந்துவிட்டதே என்று பதறி, நல்ல மனதோடு விளிம்பு வரைக்கும் நிரப்பிவிடுவார்கள். காற்றுக்குப் பழகிய வேர்கள் அத்தனையும் மூழ்கிப்போகும். தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பாதி வேராவது வெளியே இருக்கிற மாதிரி சேருங்கள்.

வெளிச்சம் விஷயம் சின்னது, ஆனால் கண்டிப்பானது. சத்துள்ள தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பாசி வரும். ஒளி ஊடுருவுகிற டப்பாவை அப்படியே பயன்படுத்தாதீர்கள். முதலில் கருப்பு பெயின்ட், அதன் மேல் வெள்ளை. கருப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தடுக்கும், கருப்போடு நிறுத்திவிட்டால் வெயிலில் தண்ணீர் சூடேறிவிடும்.

இப்போது சத்துக்கு வருவோம். வேர் வெள்ளையாக இருக்கிறது, ஆனாலும் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிகிறது என்றால் அது இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். இங்கேயும் கை உரத்துக்குத்தான் போகும், ஆனால் பலமுறை இரும்பு கரைசலில் இருக்கும், செடியால்தான் எடுக்க முடியாது. தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையைக் காட்டும் எண், 5.5க்கும் 6.5க்கும் நடுவே இருந்தால் எல்லாச் சத்தும் செடிக்குக் கிடைக்கும், 7ஐத் தாண்டினால் இரும்பு, மாங்கனீசு, பாஸ்பரஸ் எல்லாம் பூட்டிக்கொள்ளும். கடின நீர் உள்ள இடங்களில் எவ்வளவு இறக்கினாலும் பிஹெச் மறுநாள் மறுபடி ஏறி நிற்கும், அதில் இருக்கிற பைகார்பனேட் செய்கிற வேலை அது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றி இறக்கலாம் என்று சொல்லுவார்கள், இறங்கும்தான், ஆனால் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்றுவிடுவதால் ஓரிரு நாளில் பழையபடி ஆகிவிடும். பாஸ்பாரிக் அமிலம் கலந்த பிஹெச் குறைப்பான் நிற்கும். அமிலத்தைத் தண்ணீரில் சொட்டு சொட்டாக விட வேண்டும், ஒருபோதும் அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அப்புறம், முதலில் சத்தைக் கலந்துவிட்டுக் கடைசியில்தான் பிஹெச் சரிசெய்ய வேண்டும், ஏனென்றால் சத்தே பிஹெச்சை மாற்றும்.

மீட்டரை நம்பி ஏமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. வாங்கின நாளிலிருந்து ஒருமுறைகூட 4, 7 என்ற அளவுத் திரவங்களில் வைத்துச் சரிபார்க்காத பிஹெச் மீட்டர் சொல்கிற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. முனையைக் காயவிடக்கூடாது, அதற்காகச் சுத்திகரித்த தண்ணீரில் ஊறப்போடவும் கூடாது, அதற்கென்று உள்ள சேமிப்புத் திரவத்தில் வைக்க வேண்டும். சத்தின் அளவுக்கு ஈசி, அதாவது மின்கடத்துத்திறன் பாருங்கள். பிபிஎம் என்று காட்டுகிற மீட்டர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது: ஈசி 1.0 என்பதை ஒரு மீட்டர் 500 பிபிஎம் என்று காட்டும், இன்னொன்று 700 என்று காட்டும். அடுத்தவர் சொன்ன பிபிஎம் எண்ணை உங்கள் மீட்டரில் தேடினால் செடி கருகலாம், பட்டினியும் கிடக்கலாம். லெட்டூஸுக்கு 0.8 முதல் 1.2 மில்லிசீமன்ஸ் போதும், காய்க்கிற தக்காளிக்கு 2க்கு மேல் வேண்டும், நாற்றுக்கு அரை அளவில் ஆரம்பிக்கலாம். இதனால்தான் லெட்டூஸையும் தக்காளியையும் ஒரே தொட்டியில் வைக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

ஈசியில் எண்ணைவிட அது போகிற திசை முக்கியம். நாளுக்கு நாள் ஈசி ஏறினால் செடி சத்தைவிடத் தண்ணீரை அதிகம் குடிக்கிறது, வெறும் தண்ணீர் சேருங்கள். இறங்கினால் சத்து கேட்கிறது. இது பழகிவிட்டால் பாதிப் பிரச்சனை வராமலே போகும். பம்ப் மூலம் தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்கிற முறையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுக்க மாற்றுங்கள், ஏனென்றால் மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் செடி எடுக்காமல் விட்ட உப்புகளே உள்ளே மிஞ்சியிருக்கலாம்.

தோட்டத்துக்குப் போடுகிற உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதை நான் பலமாக எதிர்க்கிறேன். யூரியாவைச் செடி எடுத்துக்கொள்கிற வடிவத்துக்கு மாற்ற மண்ணில் பாக்டீரியா இருக்கிறது, உங்கள் பக்கெட்டில் அந்த அளவுக்கு இல்லை. 19:19:19 போன்ற உரங்களில் கால்சியமும் கிடையாது. ஹைட்ரோபோனிக்ஸ் சத்து ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவதற்குக் காரணமும் கால்சியம்தான். அடர்த்தியாக இருக்கும்போது கால்சியமும் பாஸ்பேட்டும் சல்பேட்டும் சேர்ந்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்துவிடும், படிந்தது செடிக்குக் கிடைக்காது. ஆகவே இரண்டையும் ஒரே குவளையில் ஊற்றிக் கலக்காதீர்கள். தொட்டித் தண்ணீரில் முதலில் ஏ, நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் பி.

தேங்காய் நார்க் கழிவில் நடுகிறவர்கள் அதைக் கழுவாமல் நடக்கூடாது, அதில் சோடியமும் பொட்டாசியமும் தேங்கியிருக்கும். கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து அலசினால் இன்னும் நல்லது.

பிவிசி குழாயில் மெல்லிய நீரோட்டம் விடுகிற முறையை முதல் முயற்சியாக எடுக்க வேண்டாம். அழகாக இருக்கும், இடம் மிச்சமாகும், எல்லாம் சரி. ஆனால் கரண்ட் போனால் குழாயில் தண்ணீரே நிற்காது, வெயில் நேரத்தில் சில மணி நேரத்திலேயே வேர் காய்ந்துவிடும். வைத்தே தீருவேன் என்பவர்கள் பம்புக்கு ஒரு பேட்டரி ஏற்பாடும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். குழாயின் கோடி அடைப்பைக் கொஞ்சம் உயர்த்தி வைத்தால் ஒரு விரற்கடைத் தண்ணீராவது உள்ளே தங்கும்.

தக்காளி ஆசை எல்லோருக்கும் இருக்கும். நன்றாக வளர்ந்த ஒரு செடி சூடான நாளில் இரண்டு லிட்டருக்கு மேல்கூடக் குடிக்கும், சின்ன டப்பாவில் வைத்தால் காலையில் நிரப்பியது மாலையில் காலி. வீட்டுக்குள் வைத்தால் காற்று இல்லாததால் பூ காயாகாது, பூங்கொத்தைத் தினமும் லேசாகத் தட்டிவிட வேண்டும். முதலில் கீரை வகைகளில் கை பழகட்டும்.

ஒரு பயிர் முடிந்து அடுத்ததை வைப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவுங்கள். பத்துக்கு ஒரு பங்கு வீட்டு ப்ளீச் கலந்த தண்ணீரில் அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை கழுவி, வெயிலில் காயவையுங்கள். ப்ளீச்சும் பிஹெச் குறைக்கிற அமிலமும் ஒன்றோடொன்று சேரவே கூடாது, விஷ வாயு வரும். குழாய் வளைவுகளையும் பம்பின் உள்பக்கத்தையும் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள், அழுகின வேர்த் துணுக்கு ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அங்கேதான்.