பாய் கட்டும் அளவுகளை வீட்டிலேயே குறித்துவைப்பது எப்படி: விண்ட்சர்ஃபிங் புதியவர்களுக்கு

வேலூரில் இருந்துகொண்டு விண்ட்சர்ஃபிங் (பலகையில் பாய்மரம் மாட்டி, நின்றபடி காற்றில் ஓட்டும் விளையாட்டு) பழகுகிறவர்களுக்குத் தண்ணீரில் கிடைக்கும் நேரம் ரொம்பக் குறைவு. பாலாற்றில் பெரும்பாலும் மணல்தான். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் உள்ள கோவளம் போகலாம் என்றால் வாலாஜா, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று மூன்று மணி நேரமாவது ஆகிவிடும். மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்போது நாம் போர்டின் மேல் நிற்கவேண்டும், கரையில் உட்கார்ந்துகொண்டு போன தடவை பூம் (பாயைக் கையால் பிடிக்கும் குறுக்குக் கம்பி) எந்த உயரத்தில் இருந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது. பழக ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு நாள் முழுக்க அப்படித்தான் போனது. தோள் உயரம் என்று மனதில் வைத்துக்கொண்டு மணலில் நின்று பூமை மாட்டினேன். கால் மணலில் புதைந்திருந்தது, போர்டின் தடிமனையும் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீருக்குள் போனதும் பூம் நெஞ்சுக்குக் கீழே நின்றது. கரைக்கு வந்து ஏற்றி, மறுபடி போய், மறுபடி வந்து, கடைசியில் சரியானபோது காற்று விழுந்துவிட்டது.

ஆகவே புதியவர்கள் மிகச் சரியான அளவு எது என்று தேடுவதற்கு முன்னால், போன தடவை வைத்த அதே அளவு இந்தத் தடவையும் வரும்படி செய்துகொள்ளுங்கள். அது நிலையாக இருந்தால்தான் ஒரு செ.மீ. மாற்றும்போது என்ன மாறுகிறது என்று உடம்புக்குத் தெரியும்.

வேண்டியவை: இரும்பு அளவு டேப், அழியாத மார்க்கர், இரண்டு நிறத்தில் இன்சுலேஷன் டேப், ஊசி, அப்புறம் செருப்புத் தைக்கும் மெழுகு நூல். ஆம்பூர், இராணிப்பேட்டை பக்கம் தோல் வேலை நடப்பதால் இந்த நூலுக்கு நாம் அலையவேண்டியதில்லை. குறிக்கு இன்சுலேஷன் டேப்பை மட்டும் நம்பாதீர்கள். சித்திரை வெயிலில் காருக்குள் கிடந்தால் பசை இளகி டேப் நகர்ந்துவிடும். முதலில் மார்க்கரால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் டேப்பைச் சுற்றுங்கள். டேப் நகர்ந்தாலும் கோடு இருக்கும்.

இடம் மொட்டை மாடி என்றால் விடிகாலையில், காற்று இல்லாதபோது செய்யுங்கள். ஆடி மாதத்தில் மாடிப் பக்கமே பாயைக் கொண்டுபோகாதீர்கள், அம்மியே பறக்கிற காற்றில் இது எம்மாத்திரம். சிமெண்டுத் தரை பாயின் பிளாஸ்டிக் பரப்பைக் கீறிவிடும் என்பதால் கீழே தார்ப்பாய் விரிப்பது அவசியம். வேலை முடிந்ததும் வெயிலில் விடாமல் சுருட்டிவிடுங்கள், வெயில் பட்டுப் பட்டுத்தான் அந்தப் பரப்பு நொறுங்குகிறது.

சரி, முதல் அளவு மாஸ்ட், அதாவது பாயைத் தாங்கும் கம்பம். பாயின் அடிப்பக்கத்தில் லஃப் (பாயின் முன்விளிம்பு நீளம்), பூம் என்று இரண்டு எண்கள் செ.மீ.யில் அச்சிட்டிருக்கும். லஃப் 446, உங்கள் மாஸ்ட் 430 என்றால் மீதி 16 செ.மீ.தான் எக்ஸ்டென்ஷனில் (மாஸ்டின் அடியில் மாட்டும் நீட்டிப்புக் குழாய்) வைக்கவேண்டியது. அந்த எண்ணைப் பாய்ப் பையின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். ஒன்றுக்கு மேல் பாய் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

அடுத்தது டவுன்ஹால், அதாவது பாயைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிறு. புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், முக்கால்வாசிப் பேர் போதுமான அளவு இழுப்பதில்லை. கீழே இழுக்க இழுக்க மாஸ்ட் வளைகிறது, பாயின் முன்பக்கம் தட்டையாகிறது, மேல்பகுதியின் பின்விளிம்பு தொளதொளவென்று தளர்கிறது. தரையில் பார்க்க ஏதோ கெட்டுப்போனதுபோல இருக்கும், ஆனால் அந்தத் தளர்ச்சிதான் திடீர்க் காற்று அடிக்கும்போது மேல்பகுதி திறந்து காற்றை வெளியே விட உதவுகிறது. அது இல்லாவிட்டால் பின்கைக்குப் பாரம் ஏறும். கயிற்றில் குறி போடாதீர்கள், புதுக் கயிறு நீளும். பாயின் கப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் கப்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து அந்த எண்ணை எழுதுங்கள். எக்ஸ்டென்ஷன் சரியாக இருந்தால் அது ஓரிரு செ.மீ.தான் வரும். தளர்ச்சி பின்விளிம்பிலிருந்து உள்ளே எதுவரை வருகிறது என்பதையும் பார்த்து, மென்காற்றுக்கு ஒரு புள்ளி, பலத்த காற்றுக்கு இன்னும் உள்ளே தள்ளி ஒரு புள்ளி என்று பாயின் மேலேயே மார்க்கரால் வையுங்கள். சில பாய்களில் இந்தப் புள்ளிகள் அச்சிலேயே இருக்கும்.

டவுன்ஹாலை முடித்த பிறகுதான் அவுட்ஹால், அதாவது பாயைப் பூமின் பின்முனைக்கு இழுக்கும் கயிறு. முதலில் இழுவிசையே இல்லாமல், கயிறு நேராக நிற்கிற அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் பூஜ்யம். அங்கிருந்து ஒரு செ.மீ. இழுத்தால் மென்காற்றுக்கு, மூன்று செ.மீ. வாக்கில் இழுத்தால் பலத்த காற்றுக்கு என்று ஆரம்பியுங்கள். இதில் குறி கயிற்றிலேயே போடலாம், கிளீட் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பல்) கடிக்கும் இடத்தில் நீல நூலில் ஒரு தையல், சிவப்பு நூலில் ஒரு தையல். கயிற்றில் மை உப்புத் தண்ணீரில் போய்விடும், தையல் போகாது, ஈரக் கையில் தடவினாலே தெரியும். கயிறு மாற்றினால் தையலையும் புதிதாகப் போடவேண்டும். பூமின் நீளம் எந்த ஓட்டையில் நிற்கிறதோ அங்கேயும் ஒரு கோடு.

பூமின் உயரத்துக்குப் பலரும் மாஸ்டில் டேப் ஒட்டுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேறு பாய்க்காக எக்ஸ்டென்ஷனை மாற்றினால் மாஸ்டும் மேலேயோ கீழேயோ போய்விடும், குறி பொய் சொல்லும். மாஸ்ட் நுழையும் துணி உறையில் பூம் மாட்டுவதற்கு ஒரு திறப்பு இருக்கிறதே, அதன் ஓரத்தில் கோடு போடுங்கள். போர்டின் மேல் நின்று பார்க்கும்போது தோளுக்கும் மோவாய்க்கும் நடுவே வரும் உயரம் ஆரம்பத்துக்குப் போதும். வீட்டில் பார்ப்பதானால் போர்டின் அடியிலுள்ள துடுப்பை (ஃபின்) கழற்றித் தார்ப்பாயில் வைத்து, அதன் மேல் பாயை மாட்டி, ஒருவரைப் பிடிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று, போர்டின் தடிமனையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஹார்னெஸ் கயிறுகளை (இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டப் பூமில் தொங்குபவை) மட்டும் வீட்டில் முழுதாக முடிக்க முடியாது. மாஸ்டிலிருந்து பூமின் பின்முனை வரை அளந்து மூன்றால் வகுத்து, அந்த இடத்தில் கயிறு நடுவாக வரும்படி வைத்துப் பென்சிலால் குறியுங்கள். பூம் 180 என்றால் 60. தண்ணீரில் பின்கை வலித்தால் கயிற்றைப் பின்னால் தள்ளுங்கள், முன்கை வலித்தால் முன்னால், ஒரு தடவைக்கு ஒரு விரல்கடைக்கு மேல் வேண்டாம். இரண்டு கையையும் லேசாக விட்டாலும் பாய் அசையாமல் நிற்கிற இடம் வந்ததும் கரைக்கு வந்து அங்கேயே டேப் சுற்றிவிடுங்கள்.

போர்டில் மாஸ்ட் ஊன்றும் இடத்தை வால் நுனியிலிருந்து அளந்து எழுதுங்கள். முதலில் மாஸ்டின் அடி முன்னும் பின்னும் நகரும் தடத்தின் நடுவில் வையுங்கள். முன்னால் நகர்த்தினால் போர்டு அடங்கி ஓடும், பின்னால் நகர்த்தினால் மூக்கு எளிதாக எழும்பும்.

ஒவ்வொரு தடவை போய் வந்ததும் பையில் எழுதிய எண்களுக்குப் பக்கத்தில் அன்றைய காற்று எப்படி, எதை மாற்றினேன் என்று இரண்டு வரி எழுதிவைக்கிறேன். ஒரு நாளில் ஒரே ஒரு அளவைத்தான் மாற்றுவேன். இப்போது கோவளத்தில் காரிலிருந்து இறக்கிக் கால் மணி நேரத்தில் தண்ணீரில் இருக்கிறேன்.