கேஐ-67 நிறம் ஏறாத நான்கு நாட்கள்

கருவுறுதிறன் பாதுகாப்பு ஆய்வுக்காக, உறையவைத்து உருக்கிய மனிதச் சினைப்பைத் திசுவில், பிரியும் செல்களின் உட்கருவில் இருக்கும் கேஐ-67 என்ற புரதத்தை ஆன்டிபாடி கொண்டு நிறமேற்றிப் பார்த்தோம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகும். கடலோர ஊரான மண்டபத்துக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் நான்கு நாளாகப் பழுப்பு நிறமே வரவில்லை. ஆன்டிபாடியை 1:200-இலிருந்து 1:50 ஆக்கினேன், பின்னணிதான் அழுக்கானது. திசு கெட்டுவிட்டதோ என்று பயம். அப்புறம்தான் கவனித்தேன், நிறம் கட்டாயம் வரவேண்டிய ஒப்பீடாகக் கூடவே போட்ட டான்சில் (தொண்டைச் சதை) ஸ்லைடும் வெளிறியே இருந்தது. அப்படியானால் தவறு திசுவில் இல்லை.

ஆன்டிபாடி ஒட்டும் இடங்கள் திறக்க, முதலில் ஸ்லைடைச் சிட்ரேட் கரைசலில் சூடாக்க வேண்டும். அதற்கான வாட்டர்பாத்தின் திரை 95 டிகிரி காட்டியது. ஸ்லைடு ஜாருக்குள் தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தால் 82! பாத்துக்கு மூடி இல்லை, ஜன்னலில் ஓயாத கடல்காற்று. மூடி போட்டு, சிட்ரேட் கரைசலை ஜாரோடு முன்பே சூடாக்கி, உள்ளே 95 வந்தபின் ஸ்லைடை இறக்கி 20 நிமிடம் வைத்தேன். வளரும் நுண்பைகளில் (முட்டையைத் தாங்கும் சிறு பைகள்), முட்டையைச் சூழ்ந்த கிரானுலோசா செல்களின் உட்கருக்கள் பளிச்சென்று தெரிந்தன. உறங்குநிலையில் உள்ள ஆதி நுண்பைகளில் செல்கள் பிரியாததால் பெரும்பாலும் நிறம் வராது. அதைப் பிழையென்று எண்ணி மறுபடி தொடங்கிவிடாதீர்கள்.