ஹாங்காங் ஸ்கைலைனைப் படம் எடுப்பது எப்படி? முதல் முறை போகிறவர்களுக்கு

ஹாங்காங் போய் வந்தவர்களின் போனைத் திறந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படம்தான் இருக்கும். மேலே கன்னங்கரேலென்று வானம், கீழே கறுப்புத் தண்ணீர், நடுவில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போன விளக்குகள். எது எந்தக் கட்டடம் என்றே தெரியாது. போன் சரியில்லை, நல்ல கேமரா வாங்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்கள். போனில் குறையில்லை, எடுத்த நேரம்தான் சரியில்லை. கேட்டுப் பார்த்தால் இரவு எட்டு மணிக்கு, கட்டடங்களில் தினமும் நடக்கும் ஒளிக்காட்சியின்போது எடுத்தேன் என்பார்கள்.

அந்த நகரம் படத்தில் நன்றாக விழுவது சூரியன் மறைந்து ஏறக்குறைய பத்து நிமிடம் கழித்து. அதிலிருந்து இருபது நிமிடம்தான் அவகாசம். வானத்தில் மிச்சமிருக்கும் நீல வெளிச்சமும் கட்டட விளக்குகளின் வெளிச்சமும் அப்போதுதான் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். அதற்கு முன்னால் விளக்குகள் எடுபடாது, பின்னால் வானம் செத்துவிடும். கீழே சொல்லப்போவது எல்லாம் அந்த இருபது நிமிடத்துக்கான ஏற்பாடுதான். போன் மட்டும் வைத்திருப்பவர்களும் செய்யலாம், முதல் கேமராவை இப்போதுதான் வாங்கியவர்களும் செய்யலாம்.

படி 1: மாதத்தையும் கிழமையையும் பாருங்கள்

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை போக முடிந்தால் நல்லது. காற்றில் ஈரம் குறைவு, வானம் தெளிவு. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பனிமூட்டம் அடிக்கடி வரும். மலை மேல் ஏறினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மே முதல் செப்டம்பர் வரை மழை, அவ்வப்போது புயல். ஆனால் மழைக்காலத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். நன்றாக ஒரு மழை அடித்து ஓய்ந்த சாயங்காலம் காற்று கழுவிவிட்டது போல இருக்கும்.

சூரியன் மறையும் நேரம் டிசம்பர் தொடக்கத்தில் மாலை 5.40 வாக்கில், ஜூன் கடைசியில் 7.10 வாக்கில். நீங்கள் போகும் தேதிக்கு என்ன நேரம் என்று போனின் வானிலைச் செயலியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிழமை. படத்தில் நாம் விரும்பும் விளக்குகளில் நிறைய அலுவலக ஜன்னல்கள். ஞாயிற்றுக்கிழமை பல மாடிகள் இருட்டாக இருக்கும். வேலை நாள் மாலைதான் நமக்கு வேண்டும்.

படி 2: எங்கே நிற்பது?

நடுவில் விக்டோரியா துறைமுகம். வடக்கே கவுலூன், தெற்கே ஹாங்காங் தீவு. பிரபலமான அந்தக் கட்டட வரிசை தீவில் இருக்கிறது. அதனால் நீங்கள் தீவில் நிற்கக் கூடாது, கவுலூன் பக்கம் வர வேண்டும். முதல் நாள் வந்து தீவுக்குள்ளேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றுகிறவர்கள் நிறைய.

கவுலூனில் சிம் ஷா சுய் கடற்கரை நடைபாதைக்குப் போங்கள். மெட்ரோவில் வந்தால் கிழக்கு சிம் ஷா சுய் நிலையம், ஜே வாசல். வெளியே வந்ததும் அவென்யூ ஆஃப் ஸ்டார்ஸ். அங்கிருந்து வலப்பக்கம் தண்ணீரோரமாகவே நடந்தால் பழைய மணிக்கூண்டு வரும். 44 மீட்டர் உயரம், 1915-இல் கட்டியது. கவுலூன்–கான்டன் ரயில் நிலையத்தை இடித்தபோது இதை மட்டும் விட்டுவைத்தார்கள். அதை ஒட்டித்தான் ஸ்டார் ஃபெர்ரி படகுத்துறை.

இங்கே நின்றால் நீங்கள் பார்ப்பது தெற்குத் திசை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நவம்பர், டிசம்பரில் சூரியன் தென்மேற்கில் இறங்கும். அதாவது உங்கள் வலது கைப்பக்கம், கட்டட வரிசை முடிகிற இடத்தில் வானம் சிவக்கும், படத்துக்குள்ளேயே வரும். ஜூன், ஜூலையில் அது வடமேற்குப் பக்கம் போய்விடும், செக்கச்சிவந்த வானம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மழைக்காலத்தில் போகிறவர்கள் சிவப்பை எதிர்பார்க்காமல் நீலத்தை மட்டும் நம்பிப் போகலாம்.

நண்பகலில் இங்கிருந்து எடுக்க வேண்டாம். வெயில் எதிரில் இருக்கும், கட்டடங்களின் நிழல் பக்கம்தான் நமக்குத் தெரியும்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்?

கேமராக்காரர்கள் ஒரு ட்ரைபாட் (முக்காலித் தாங்கி), போன்காரர்கள் போனைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன ஸ்டாண்ட். கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி. பவர் பேங்க் (இதை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப்போக வேண்டும்). அவ்வளவுதான். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். துறைமுகத்தின் இரு கரையிலும் பறக்கவிடத் தடை உண்டு.

துணி எதற்கு என்றால், போனின் பின்பக்க லென்ஸ் நாள் முழுக்க விரலும் வியர்வையும் பட்டுக் கிடக்கும். பகல் படத்தில் அது தெரியாது. இரவில் ஒவ்வொரு விளக்கிலிருந்தும் ஒரே திசையில் நீளக் கோடு இழுத்துக்கொண்டு போகும். துடைத்துவிட்டு எடுங்கள், போன் மாற்றியது மாதிரி இருக்கும்.

இன்னொன்று. அங்கே மால்களிலும் மெட்ரோவிலும் குளிர்சாதனம் கடுமையாக ஓடும். அங்கிருந்து நேராகக் கடற்கரைக்கு வந்து கேமராவை வெளியே எடுத்தால் லென்ஸ் மேல் ஆவி படிந்துவிடும், முக்கியமாகக் கோடைக்காலத்தில். துடைத்தால் திரும்பவும் படியும். வெளியே வந்து கால் மணி நேரமாவது கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

படி 4: ஒரு மணி நேரம் முன்னால் போய் இடம் பிடியுங்கள்

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு கைப்பிடிக் கம்பியோரம் இருக்க வேண்டும். கூட்டம் ஒரு காரணம். அதைவிட, வெளிச்சம் இருக்கும்போதே படத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று முடிவு செய்துவிட வேண்டும். இருபது நிமிடத்தில் அதையும் சேர்த்துச் செய்ய நேரம் போதாது.

எதிரே பாருங்கள். இடப்பக்கம் இறக்கை விரித்த கூரையோடு மாநாட்டு மையம். கொஞ்சம் வலப்பக்கம் முக்கோணம் முக்கோணமாகக் கோடு போட்ட பேங்க் ஆஃப் சைனா கோபுரம்; ஐ. எம். பெய் வடிவமைத்தது, 367 மீட்டர். அதற்கு வலப்பக்கம் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் முடிந்த ஹெச்எஸ்பிசி வங்கித் தலைமையகம். இன்னும் வலப்பக்கம் எல்லாவற்றையும் விட உயரமாக ஐஎஃப்சி 2 என்ற கோபுரம், 412 மீட்டர். இவற்றுக்கெல்லாம் பின்னால் மலை. மலைமுகட்டைக் கட்டடங்கள் மறைத்துவிடக் கூடாது என்று அங்கே நகரத் திட்டமிடலிலேயே வழிகாட்டுதல் இருக்கிறது. அந்த முகட்டுக் கோடு உங்கள் படத்திலும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் இது எந்த ஊராகவும் இருக்கலாம்.

முதல் முறை போகிறவர்கள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடைக்கப் பார்ப்பார்கள். மிக அகலமாகக் காட்டும் அல்ட்ரா வைடில் போட்டால் கட்டடங்கள் நடுவில் தீக்குச்சி அளவுக்குச் சுருங்கி, பாதிப் படம் தண்ணீர், பாதிப் படம் வானம் என்று ஆகிவிடும். அப்படி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆசைக்கு. பிறகு கேமராவில் லென்ஸ் ஜூமை 70 மி.மீ. வாக்கில் வைத்து பேங்க் ஆஃப் சைனாவிலிருந்து ஐஎஃப்சி வரை மட்டும் எடுங்கள். 200 மி.மீ. இருந்தால் ஹெச்எஸ்பிசி கட்டடத்தின் உச்சியைப் பாருங்கள்; பராமரிப்புக்கான கிரேன்கள் பீரங்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து பேங்க் ஆஃப் சைனாவின் கத்தி முனைகள் தன் மேல் பாயாமல் இருக்க, சீன வாஸ்துவான ஃபெங் சுயி பார்த்து வைத்தது என்று உள்ளூரில் ஒரு கதை உண்டு. வாஸ்து சண்டை நமக்குப் புதிதல்ல.

கட்டம் கட்டமாகக் கோடுகளைத் திரையில் காட்டும் கிரிட் வசதியைப் போட்டுவிட்டு, எதிர்க்கரையின் நீர்க்கோடு சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கேமராவை மேல்நோக்கிச் சாய்த்தால் கட்டடங்கள் பின்பக்கம் விழுவது போல வரும். நேராக வைத்து எடுத்து, கீழே கூடுதலாக வரும் தண்ணீரைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

படி 5: கேமராவில் என்ன வைப்பது?

அப்பர்ச்சர் பிரையாரிட்டி (லென்ஸ் துளையின் அளவை நாம் வைக்க, ஷட்டர் நேரத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும் முறை), துளை அளவு எஃப்/8, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100, சென்சார் பதிவை அப்படியே சேமிக்கும் ரா ஃபார்மட். ட்ரைபாடில் இருப்பதால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் கவலையில்லை. வானம் நல்ல நீலமாக இருக்கும்போது இரண்டு முதல் நான்கு விநாடி வரும். பட்டனை விரலால் அழுத்தினால் ஆடும், இரண்டு விநாடி டைமர் போடுங்கள். லென்ஸில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ட்ரைபாடில் அணைத்துவிடுவது பாதுகாப்பு.

ஃபோகஸை வெளிச்சமான கட்டட விளிம்பில் ஆட்டோவில் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவே ஒரு படகு போகும்போது கேமரா அதைத் தேடி ஓடும்.

லென்ஸ் முன்னால் யுவி ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றுங்கள். வானத்தில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள் மிதந்தால் அது ஃபில்டரில் பட்டுத் திரும்பிய விளக்குகளின் பிம்பம்.

முதல் படம் எடுத்ததும் ஒரு சோதனை. ஏதாவது ஒரு கட்டட உச்சியில் ஒளிரும் பெயர்ப்பலகையைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தை வாசிக்க முடிந்தால் சரி. வெள்ளைத் திட்டாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை −0.7, இன்னும் போதாவிட்டால் −1 என்று குறையுங்கள். இருட்டான பகுதியைப் பிறகு கொஞ்சம் தூக்கிவிடலாம். எரிந்துபோன வெள்ளைக்குள் எந்த எடிட்டிங்கும் எழுத்தைத் திரும்பக் கொண்டுவராது.

பிறகு ட்ரைபாடைத் தொடாமல் இரண்டு நிமிடத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டே இருங்கள். எது சிறந்த நிமிடம் என்பது அங்கே நிற்கும்போது தெரியாது. அறைக்கு வந்து வரிசையாகப் பார்த்தால் சட்டென்று தெரியும்.

படி 6: போனில் எடுப்பவர்கள்

1எக்ஸ் கேமராவையே பயன்படுத்துங்கள், பெரும்பாலான போன்களில் அதன் சென்சார்தான் பெரியது. விரல்களால் விரித்து ஜூம் செய்ய வேண்டாம். திரையில் ஒரு வெளிச்சமான கட்டடத்தை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் எக்ஸ்போஷரும் பூட்டிக்கொள்ளும். அப்போது தெரியும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள், பெயர்ப்பலகை எழுத்து தெளியும் வரை. நைட் மோட் தானாக வரும். ஸ்டாண்டிலோ கம்பியிலோ போனை அசையாமல் வைத்து மூன்று விநாடி டைமர் போட்டால், கையில் பிடித்து எடுப்பதைவிடப் பல மடங்கு தெளிவாக வரும். கம்பி மேல் வைக்கும்போது போனைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இருங்கள், அந்தப் பக்கம் கடல்.

படி 7: வானம் கறுத்த பிறகு

இப்போது மூட்டை கட்டலாம், கட்டாமலும் இருக்கலாம். சிவப்புப் பாய்மரப் படகு ஒன்று சுற்றுலாப் பயணிகளோடு வரும். அது வரும்போது நான்கு விநாடி ஷட்டர் வைத்தால் சிவப்பாக ஒரு கறை மட்டும் மிஞ்சும். ஐஎஸ்ஓ 3200, எஃப்/4, ஷட்டர் 1/60 என்று மாற்றினால் பாய் பாயாகவே நிற்கும். மாறாக, சாதாரணப் படகுகளுக்கு எட்டுப் பத்து விநாடி வையுங்கள். அவற்றின் விளக்குகள் தண்ணீர் மேல் கோடாக ஓடும்.

எட்டு மணிக்கு, முதலில் சொன்ன ஒளிக்காட்சியான சிம்பொனி ஆஃப் லைட்ஸ் தொடங்கும். பத்து நிமிடம் போலக் கட்டடங்களிலிருந்து ஒளிக்கதிர்கள் பாயும். நேரில் பார்க்க வேடிக்கையாக இருக்கும். படத்துக்கு அவ்வளவு விசேஷமில்லை என்பது என் கருத்து. வீடியோ எடுத்துக்கொண்டு, நாதன் சாலையில் சுங்கிங் மேன்ஷன்ஸுக்கு நடந்தால் இந்தியச் சாப்பாடு கிடைக்கும்.

ஸ்டார் ஃபெர்ரியைப் பகலில் ஒரு தடவை மேல்தட்டில் போய் வாருங்கள். படகு ஆடுவதால் ட்ரைபாட் பயன்படாது. ஷட்டர் 1/250-க்குக் குறையாமல் வைத்துக் கையில் பிடித்து எடுக்க வேண்டும்.

படி 8: இன்னொரு நாள், மலை மேலிருந்து

ஒரே மாலையில் இரண்டு இடமும் முடியாது, இருபது நிமிடம் ஒன்றுதான். இரண்டாவது மாலையை விக்டோரியா பீக் மலைக்குக் கொடுங்கள். 1888 முதல் ஓடும் பீக் ட்ராம் என்ற மலை ரயிலுக்கு மாலையில் வரிசை நீளமாக இருக்கும். தீவின் சென்ட்ரல் பகுதியிலிருந்து 15-ஆம் எண் பஸ் சுற்றிச் சுற்றிப் போனாலும் மேலே கொண்டுபோய் விடும்.

மேலே கட்டணம் கொடுத்துப் போகும் மொட்டைமாடி இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது லுகார்ட் சாலை. பீக் டவரிலிருந்து மரங்களுக்கு நடுவே குறுகலான நடைபாதை. கால் மணி நேரம் போல நடந்தால் மரங்கள் விலகி, கீழே மொத்த நகரமும், துறைமுகமும், எதிர்க்கரையில் 484 மீட்டர் ஐசிசி கோபுரமும் தெரியும். இங்கே நீங்கள் வடக்கே பார்க்கிறீர்கள், வெயில் முதுகுப்பக்கம். அதனால் பிற்பகலிலேயே படம் நன்றாக வரும். பாதை குறுகல் என்பதால் ட்ரைபாடின் கால்களை நடப்பவர்களுக்கு வழிவிட்டு வையுங்கள். திரும்பி வர டார்ச் வேண்டும், மேலே காற்றும் அதிகம்.

கிளம்பும் முன் கீழேயிருந்து மலை உச்சி தெரிகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மேகம் மூடியிருந்தால் ஏறாதீர்கள். அன்றும் கடற்கரைக்கே போய்விடலாம்.

படி 9: அறைக்கு வந்த பிறகு

எடிட்டிங்கை ஸ்னாப்சீட், லைட்ரூம் செயலிகள் எதிலும் செய்யலாம். முதலில் நீர்க்கோடு சாய்ந்திருந்தால் நேராக்குங்கள். வொயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயல்) மஞ்சளாகப் போயிருந்தால் 4000 கெல்வின் பக்கம் கொண்டுவாருங்கள், நீலம் திரும்ப வரும். பனிமூட்டம் இருந்தால் மங்கலைக் குறைக்கும் டீஹேஸைக் கொஞ்சம் ஏற்றலாம். அதிகம் போனால் மலைமுகட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் விழும், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். நிறத்தை அழுத்தமாக்கும் சாச்சுரேஷனைத் தொட வேண்டாம், அந்த ஊர் ஏற்கெனவே போதுமான அளவு பளபளக்கிறது.

வீட்டு குரூப்புக்கு வாட்ஸப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், பெயர்ப்பலகை எழுத்தெல்லாம் மறுபடி கலங்கும். ஹெச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், அல்லது டாக்குமென்டாக அனுப்புங்கள்.